வாடி ரம் பாலைவனத்தில் பெதூயின் முகாம்: குழுவாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜோர்டானுக்குக் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். நம்மவர்களில் பலர் அங்கே போவது நேபோ மலை, யோர்தான் நதி, பெட்ரா என்று ஒரு புனிதப் பயணத்தின் பகுதியாகத்தான். பயண அட்டவணையில் பெட்ராவுக்கு அடுத்த வரியில் "பாலைவன முகாமில் இரவுத் தங்கல்" என்று பார்த்ததும் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். கழிப்பறை உண்டா என்பதில் ஆரம்பித்து, தேள் கடித்தால் என்ன ஆகும் என்பது வரை ஒரே கேள்விகள், ஆண்டுதோறும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இந்தப் பாலைவனம் எங்கே இருக்கிறது? எப்படிப் போய்ச் சேர்வது?

ஜோர்டானின் தெற்கு மூலையில், சவூதி எல்லையை ஒட்டி. செங்கடல் துறைமுகமான அகபாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பெட்ராவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். தலைநகர் அம்மானிலிருந்து நேராக வந்தால் பாலைவன நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஆகும்.

பெரிய பஸ் பார்வையாளர் மையத்தைத் தாண்டி ரம் கிராமம் வரை வரும். அதற்குப் பிறகு தார்ச் சாலை கிடையாது. அங்கிருந்து ஜீப்புக்கு மாற வேண்டும். இதில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் பெட்டி. நான்கு சக்கரப் பெரிய பெட்டிகளை ஜீப்பின் பின்புறம் ஏற்றினால் ஆட்கள் உட்கார இடமிருக்காது. பெரிய பெட்டி பஸ்ஸிலேயே இருக்கட்டும். ஒரு தோள்பையில் இரண்டு நாள் துணி, மருந்து, கம்பளி ஆடை போதும். நாங்கள் இதை மூன்று முறை சொல்வோம். இருந்தாலும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது பெட்டியை இறக்கி மணலில் உருட்டிப் பார்ப்பார்.

பாலைவனம் என்றால் மணல் மேடுகளாக இருக்குமா?

மேடுகள் உண்டு, சிவப்பு மணலில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் அளவுக்கு. ஆனால் வாடி ரம்மின் முகம் பாறை. தட்டையான மணல் தரையிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் மணற்பாறை மலைகள். பக்கத்தில் நின்று பார்த்தால் மெழுகு உருகி வழிந்ததைப் போலத் தெரியும். ஜபல் ரம் 1,734 மீட்டர். எல்லைக்கு அருகிலுள்ள உம் அத்-தாமி 1,854 மீட்டர். அதுதான் ஜோர்டானின் மிக உயரமான சிகரம். பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் பற்றிக் கீழே சொல்லப்போவதற்கு இது ஒரு காரணம்.

1998-இல் இது பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இயற்கை, பண்பாடு என்று இரண்டு காரணங்களுக்காகவும் சேர்க்கப்பட்ட இடங்கள் உலகில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

அது உண்மையான பெதூயின் முகாமா, சுற்றுலாவுக்காகப் போட்ட நாடகமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கேட்கிறவர் குரலில் எப்போதும் ஏமாந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை இருக்கும்.

'பதூ' என்றால் பாலை நிலத்தில் வாழ்கிறவர்கள். அதுதான் மேலைநாட்டார் வாயில் பெதூயின் ஆயிற்று. ரம் கிராமத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஸலாபியா குலத்தினர். பக்கத்தில் திசே பகுதியில் ஸுவைதே குலத்தினர். இவர்களுடைய தாத்தாக்கள் ஆடுகளையும் ஒட்டகங்களையும் ஓட்டிக்கொண்டு மேய்ச்சலைத் தேடி இடம் மாறியவர்கள். பேரன்கள் கிராமத்தில் சிமெண்ட் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், டொயோட்டா ஓட்டுகிறார்கள். ஆடு வளர்ப்பவர்கள் இன்றும் உண்டு. வசந்த காலத்தில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போகும் குடும்பங்களும் உண்டு. ஆனால் நீங்கள் தூங்கப்போகும் முகாம் விருந்தினருக்காகப் போட்டது. அங்கே எந்தக் குடும்பமும் நிரந்தரமாக வசிப்பதில்லை.

அதனால் அது பொய்யாகிவிடுமா? உங்களுக்குத் தேநீர் ஊற்றும் பையனுக்கு எந்தப் பாறையின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று தெரியும். எந்தப் பள்ளத்தில் மணல் இளகியிருக்கும் என்று சக்கரம் இறங்குவதற்கு முன்பே தெரியும். 1984-இல் டோனி ஹோவர்ட் என்ற ஆங்கிலேய மலையேறியும் அவருடைய தோழர்களும் இந்தப் பாறைகளில் ஏறும் வழிகளைத் தேடி வந்தார்கள். வந்து பார்த்தால், மலையாட்டை வேட்டையாடப் போன பெதூயின்கள் கயிறில்லாமலே பல வழிகளில் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். அந்த அறிவுதான் இன்று சுற்றுலாத் தொழிலாகியிருக்கிறது. பெட்ரா, வாடி ரம் பெதூயின்களின் வாழ்முறையையும் வாய்மொழி மரபையும் யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியமாகப் பிரகடனம் செய்தது. கூடாரம் விருந்தினருக்காகப் போட்டது என்பதால் அதை நடத்துகிறவர் வேடம் போடுகிறார் என்று ஆகாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: முகாம் யாருடையது? கிராமத்துக் குடும்பம் நடத்துவதா, வெளியூர் முதலாளி சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துவதா? பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள். குடும்பம் நடத்தும் இடத்தில் படுக்கை கொஞ்சம் பழையதாக இருக்கலாம். பேச்சு நன்றாக இருக்கும்.

இணையத்தில் ஏராளமான முகாம்கள் இருக்கின்றனவே. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் வரைபடத்தைப் பாருங்கள், பிறகு படங்களை. முகாம்கள் இரண்டு வகை. பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளே, ரம் கிராமத்திலிருந்து ஜீப்பில் போய்ச் சேர வேண்டியவை ஒரு வகை. திசே பக்கம் சாலைக்கு அருகில், காரிலேயே போய் இறங்கக்கூடியவை மற்றொன்று. கண்ணாடிக் குமிழி போன்ற கூடாரம், குளிர்சாதனம், தனிக் குளியலறை ஆகியவை இரண்டாவது வகையில்தான் அதிகம். வயதானவர்கள் நிறைந்த குழுவுக்கு அதுவும் தவறான தேர்வு இல்லை.

ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொடுத்துவிடுவார்கள். நான் புதிதாகத் தொழிலுக்கு வந்த காலத்தில் படத்தைப் பார்த்து ஓரிடத்தில் முன்பணம் கட்டினேன். போய் இறங்கியபோது வரிசையாக எண்பது கூடாரங்கள், நடுவில் ஒலிபெருக்கி, பக்கத்தில் இன்னும் இரண்டு முகாம்கள், அவற்றிலும் ஒலிபெருக்கி. மூன்று பாட்டுகள் ஒரே நேரத்தில். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், "இதற்கு நாங்கள் பொருட்காட்சிக்கே போயிருப்போமே தம்பி" என்றார். அன்றிலிருந்து மூன்று கேள்விகளைக் கேட்காமல் பணம் கட்டுவதில்லை. மொத்தம் எத்தனை கூடாரம்? பக்கத்து முகாம் எவ்வளவு தூரம்? இரவில் ஒலிபெருக்கி உண்டா?

குழுவில் எத்தனை பேர் இருந்தால் நல்லது?

ஒரு ஜீப்புக்கு ஆறு பேர். மூன்று ஜீப்புக்கு மேல் போனால், முன்னால் போகும் வண்டியின் புழுதியைத்தான் பின்னால் வருகிறவர்கள் நாள் முழுவதும் சாப்பிடுவார்கள். ஆக 18 பேர். முப்பது பேர் கொண்ட குழு என்றால் இரண்டாகப் பிரித்து இரண்டு முகாம்களில் தங்க வைக்கிறோம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், உறவினர்களைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டால் கோபம் இரவுச் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும்.

தண்ணீரும் இதில் ஒரு காரணம். அதைக் குளியலைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு இரவு போதுமா?

பெரும்பாலான நிறுவனங்கள் ஓர் இரவுதான் தருகின்றன. மாலையில் வந்து, சூரியன் மறைவதைப் பார்த்து, சாப்பிட்டு, தூங்கி, காலையில் கிளம்பினால் பாலைவனத்தைப் பார்த்ததாகக் கணக்கு. என்னைக் கேட்டால் இரண்டு இரவு. முதல் நாள் இரவு எல்லோரும் படம் எடுப்பதிலும் படுக்கையைக் குறை சொல்வதிலும் கழிந்துவிடும். இரண்டாம் நாள் மாலையில்தான் குழு தானாகவே அமைதியாகும். யாரும் சொல்லாமலே குரல் தாழ்ந்துவிடும். இதை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கிறேன்.

பெதூயின் வழக்கத்தில், வந்த விருந்தாளியிடம் மூன்று நாளும் அதற்கு மேல் கொஞ்சமும் கடக்கும்வரை வந்த காரணத்தைக் கேட்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் வீட்டில் சொல்வதை ஓர் ஓட்டுநரிடம் அரைகுறை அரபியில் சொன்னேன். "உங்கள் தாத்தாவும் பதூவா?" என்று கேட்டார்.

எந்த மாதத்தில் போகலாம்?

மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெயில் 35 பாகைக்கு மேல் போகும். நண்பகலில் பாறை நிழலில் படுத்திருப்பதைத் தவிர வேறு வேலை நடக்காது. பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் நம் குழுக்கள் அப்போதுதான் கேட்கின்றன. முதல் இரண்டு வாரம் என்றால் சம்மதிக்கிறேன். ரமலான் மாதத்திலும் முகாம்கள் நடக்கும். ஆனால் உங்களுக்கு மதிய உணவு சமைப்பவர் நோன்பிலிருப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்தில் குளிருமா? வெயிலுக்குத்தானே தயாராக வேண்டும்?

குளிரும். மணல் எவ்வளவு வேகமாகச் சூடாகிறதோ அவ்வளவு வேகமாகவே சூட்டை விட்டுவிடும். காற்றில் ஈரமில்லை, மேகமில்லை, சூட்டைத் தடுத்து வைக்க எதுவும் இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் பூச்சியத்தை ஒட்டி இறங்கும். மார்ச்சிலும் நவம்பரிலும்கூட சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பல் கிட்டிவிடும். முகாமில் கனமான கம்பளிகள் தருவார்கள். ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், காலுறை, காதை மூடும் குல்லாய் கட்டாயம். மார்கழியில் கட்டும் மப்ளரைக் கேலி செய்யும் பிள்ளைகள் அங்கே அதைக் கடன் கேட்பார்கள்.

கூடாரம் எப்படி இருக்கும்?

தூங்கும் கூடாரங்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டத்தில் துணி போர்த்தியவை. உள்ளே இரண்டு அல்லது மூன்று கட்டில், விரிப்பு, ஒரு விளக்கு. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட நடுவில் ஒரு பெரிய கூடாரம். நல்ல முகாம்களில் அது ஆட்டு மயிரால் நெய்த பழைய முறைக் கூடாரமாக இருக்கும்.

அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கறுப்பு வெள்ளாட்டின் மயிரைப் பெண்கள் நூற்று, தரைத் தறியில் நீண்ட பட்டைகளாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். பகலில் உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் ஊசிமுனை அளவு ஓட்டைகளில் வெளிச்சம் தெரியும். காற்று அதன் வழியே போய்வரும். மழை பட்டால் இழை ஊதிப் பருத்து ஓட்டை அடைத்துக்கொள்ளும். 'பைத் அஷ்-ஷஅர்' என்று அதற்குப் பெயர், மயிர் வீடு என்று பொருள். வீட்டைக் குறிக்கும் 'பைத்' என்ற சொல்லே அரபியில் ஒரு செய்யுளடிக்கும் பெயர்.

குடும்பம் வாழும் கூடாரத்தில் நடுவே ஒரு திரை தொங்கும். ஒரு பக்கம் விருந்தினரும் ஆண்களும். மறுபக்கம் பெண்களும் அடுப்பும். சுற்றுலா முகாமில் அந்தத் திரை இல்லை. பெண்களும் இல்லை; சமையல், பரிமாறல் எல்லாம் ஆண்கள்தான். "வீட்டம்மா எங்கே?" என்று நம் பாட்டிமார்கள் தேடுவார்கள். அவர் கிராமத்தில் இருக்கிறார்.

கழிப்பறை, குளியல், மின்சாரம்?

மேலைநாட்டுக் கழிப்பறை பெரும்பாலான முகாம்களில் உண்டு. எளிய முகாம்களில் பொதுக் கழிப்பறை, உங்கள் கூடாரத்திலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி. மின்சாரம் பெரும்பாலும் சூரிய ஒளியிலிருந்து. இரவில் ஒரு நேரத்துக்குப் பிறகு விளக்கை அணைத்துவிடுவார்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் வசதி உணவுக் கூடாரத்தில் மட்டும் இருக்கலாம். ஆகவே பவர் பேங்க்.

குளிக்க நீர் வரும். வெந்நீர் வந்தால் அதிர்ஷ்டம். அந்த நீர் லாரியில் வருகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். இந்த நிலத்துக்கு அடியில் திசே நீர்ப்படுகை இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை பாறைக்குள் தங்கியது. இன்றைய மழையால் அது நிரம்புவதில்லை என்றே சொல்லலாம். 2013 முதல் அதை 325 கிலோமீட்டர் குழாய் வழியாக அம்மான் நகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நம் ஊரில் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்று சொல்வோம். அங்கே அந்தப் பேச்சு எடுபடாது. ஓர் இரவு குளிக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டு இரவு தங்குகிறவர்கள் இரண்டாம் நாள் ஒரு வாளி அளவில் குளித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு? எங்களில் பாதிப் பேர் சைவம்.

இரவு விருந்தின் பெயர் ஸர்ப். மணலில் குழி தோண்டி, உள்ளே இரும்புப் பீப்பாய் இறக்கி, விறகை எரித்துத் தணலாக்குவார்கள். அடுக்கடுக்கான தட்டுகளில் கோழி, ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் வைத்து, தணலுக்கு மேல் இறக்கி, மூடி போட்டு, கம்பளி போர்த்தி, அதன் மேல் மணலை வாரிப் போட்டு மூடிவிடுவார்கள். புகை கசியும் இடம் தெரிந்தால் இன்னும் ஒரு கை மணல். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எல்லோரையும் கூப்பிட்டு மணலை விலக்கித் திறப்பார்கள். அந்த வாசனைக்கு விவரணை தேவையில்லை.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறியும் இறைச்சியும் ஒரே குழிக்குள், ஒரே ஆவியில் வேகின்றன. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்குச் சொட்டவும் செய்யும். "காய்கறித் தட்டு தனி" என்று அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். கண்டிப்பான சைவர்கள் என்றால் அடுப்பில் தனிப் பாத்திரத்தில் சமைக்கும்படி முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். நாங்கள் எண்ணிக்கையோடு எழுதி அனுப்புகிறோம். சோறு எப்போதும் உண்டு. பருப்பு சூப், கொண்டைக்கடலை அரைத்த ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய் மசியல், சாலட் இருக்கும். காலையில் ரொட்டி, ஆலிவ், முட்டை, லப்னே. லப்னே என்பது துணியில் கட்டி நீரை வடித்த தயிர். தயிர்சாதம் இல்லாமல் வாழமுடியாதவர்களுக்கு நான் சொல்லும் ஆறுதல் அதுதான்: லப்னேயில் கொஞ்சம் நீர் விட்டு, வெள்ளைச் சோற்றில் பிசைந்து, கையோடு கொண்டுபோன ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை எங்கள் சமையல்காரர் இதை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். ஊறுகாய்தான் அவருக்குப் பிடித்தது.

சாம்பலில் புதைத்துச் சுடும் அர்பூத் ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். மாவை நேரே தணல் சாம்பலில் புதைத்து, எடுத்துத் தட்டி, பிய்த்துக் கொடுப்பார்கள்.

காபியை எப்படிக் குடிப்பது? ஏதோ முறை இருக்கிறதாமே?

கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில், அடியில் ஒரு விரல்கடை மட்டும் ஊற்றுவார்கள். ஏலக்காய் போட்டது, சர்க்கரை இல்லாதது, கசக்கும். கும்பகோணம் டிகிரி காபியை எதிர்பார்த்து வாயில் வைத்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். குறைவாக ஊற்றுவதைக் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். நிரம்ப ஊற்றினால்தான் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம்.

வலது கையால் வாங்குங்கள். முதல் கிண்ணம் விருந்தினருக்கு, இரண்டாவது இன்பத்துக்கு, மூன்றாவது வாளுக்கு என்பார்கள். வாளுக்குக் குடித்தவன் ஆபத்தில் அந்த வீட்டாருக்குத் துணை நிற்கவேண்டும் என்பது பழைய கணக்கு. போதும் என்றால் காலிக் கிண்ணத்தை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் கொடுத்தால் மறுபடி ஊற்றுவார்கள். "போதும் போதும்" என்று தமிழில் சொல்லியபடியே ஏழு கிண்ணம் குடித்த ஒரு மாமாவை எனக்குத் தெரியும். அன்று இரவு அவர் தூங்கவில்லை. நட்சத்திரங்களை மிக நன்றாகப் பார்த்தவர் குழுவில் அவர்தான்.

மது கிடைக்குமா?

பெரும்பாலான முகாம்களில் கிடையாது. கொண்டுபோகவும் வேண்டாம். சேஜ் இலை போட்டு, சர்க்கரையை வாரி இறைத்துக் காய்ச்சும் கறுந்தேநீரைக் காட்டி "பெதூயின் விஸ்கி" என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். எல்லா ஓட்டுநர்களும், எல்லாக் குழுக்களிடமும். முதல் முறை கேட்பதுபோலச் சிரித்துவிடுங்கள்.

பகலில் என்ன பார்ப்போம்?

திறந்த பின்புறம் கொண்ட பழைய பிக்-அப் வண்டியில் எதிரெதிரே பெஞ்சு போட்டிருப்பார்கள். அதில்தான் சுற்றல். கஸாலி மலையிடுக்கு கட்டாயம் உண்டு. ஆள் ஒருவர் பின் ஒருவராக நுழையும் அளவு குறுகிய பிளவு அது. இரு சுவர்களிலும் தமூதிய எழுத்துகள் எனப்படும் பழைய அரபிய எழுத்துகள், மனித உருவங்கள், பாதத் தடங்கள் பொறித்திருக்கும். இந்தப் பகுதி முழுவதிலும் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் இருப்பதாக யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. மனிதர் நடமாட்டம் 12,000 ஆண்டுகளுக்கு முந்தையது. தொட்டுப் பார்க்காதீர்கள். பெயரைக் கீறி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு, மகாபலிபுரத்தில் பார்த்திருக்கிறோம். இங்கே அதற்கு இடமில்லை.

உம் ஃப்ரூத் பாறைப் பாலம் சின்னது. கொஞ்சம் துணிவிருந்தால் ஏறி நிற்கலாம். புர்தா பாலம் பெரியது. அதற்கு வழிகாட்டியோடு அரைநாள் பாறையேற்றம் வேண்டும், குழுவுக்கு ஏற்றதில்லை.

ரம் கிராமத்துக்கு அருகே மலைச்சரிவில் ஊற்றுகள் இருக்கின்றன. பச்சையாக ஒரு கோடு மலையின் இடுப்பில் ஓடுவதைக் கீழிருந்தே பார்க்கலாம். மேலே மணற்பாறை, அது நீரை உறிஞ்சும். கீழே கருங்கல், அது விடாது. இரண்டும் சேரும் வரியில் நீர் பக்கவாட்டில் கசிகிறது. அந்தக் கசிவை நம்பித்தான் பெட்ராவைக் குடைந்து கட்டிய நபத்தேயர்கள் இங்கே அல்லாத் என்ற பெண் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள்; அதன் இடிபாடு கிராமத்தின் பின்னால் இருக்கிறது. ஜீப்காரர்கள் அதை அட்டவணையில் சேர்ப்பதில்லை. கேட்டால் காட்டுவார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் கோயில் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒட்டகத்தில் ஏற வேண்டுமா?

விருப்பமிருந்தால். அரை மணி நேரம் சுகம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உட்கார்ந்த இடம் வலிக்கும். எழும்போது பின்னங்காலை முதலில் நிமிர்த்தும், நீங்கள் முன்னால் சாய்வீர்கள். அப்போது உடலைப் பின்னால் தள்ளிச் சேணக் கொம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் அறுவை செய்தவர்கள் வேண்டாம்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. வரலாமா?

வரலாம். மணலில் நடப்பதைவிட ஜீப்பில் ஏறி இறங்குவதுதான் சிரமம். ஒரு சிறு முக்காலி வைக்கச் சொல்லி எழுதிவிடுகிறோம், முன் இருக்கையையும் அவருக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். கழிப்பறைக்கு அருகிலுள்ள கூடாரம், தரைப் படுக்கையில்லாமல் கட்டில், இவை இரண்டையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் அந்தக் கூடாரத்தில் ஏற்கெனவே இரண்டு இளைஞர்கள் படுத்திருப்பார்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஜோர்டான் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்.

பெண்கள் என்ன உடுத்துவது? படம் எடுக்கலாமா?

சுடிதார் மிகச் சரி. புடவையில் ஜீப் ஏறுவது கடினம். தலையை மூடவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் புழுதிக்கும் வெயிலுக்கும் துப்பட்டாவைப்போல் உதவுவது வேறு எதுவுமில்லை. பெண்களுக்கென்று கூடாரம் தனியாக வேண்டுமென்றால் தருவார்கள்.

பாறையை, ஒட்டகத்தை, உங்கள் ஓட்டுநரைப் படமெடுக்கலாம். ஓட்டுநர்கள் நன்றாகவே நிற்பார்கள். கிராமத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டும் எடுக்காதீர்கள்.

தேள், பாம்பு?

உண்டு. அவற்றின் ஊர் அது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் என் குழுவில் யாரையும் எதுவும் கடித்ததில்லை. காலையில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், பையைத் திறந்து வைக்காதீர்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்க்கும் சிறுவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பு தேவை.

பாலைவனத்தில் மழைக்குப் பயப்பட வேண்டுமா?

தேளைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் எங்கோ தொலைவில் பெய்த மழை, வறண்ட பள்ளத்தில் திடீர் வெள்ளமாக வந்துவிடும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வரலாம். 'வாடி' என்பதே பெரும்பாலும் வறண்டு கிடந்து, மழையில் ஓடும் ஆற்றுப் படுகைக்குப் பெயர். வழிகாட்டி இன்று மலையிடுக்குக்குள் போகவேண்டாம் என்றால் அது முடிந்த பேச்சு. "பணம் கட்டியிருக்கிறோமே" என்று வாதாடுகிறவர்களுக்கு நான் பரிந்து பேசமாட்டேன்.

செலவு எப்படி?

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 5 தினார். சுற்றுலா இடங்களுக்கான ஒரே சீட்டாகிய ஜோர்டான் பாஸ் வாங்கியிருந்தால் இது அதில் அடக்கம். பெட்ராவில் எத்தனை நாள் என்பதைப் பொறுத்து பாஸ் 70, 75, 80 தினார். நாட்டில் மூன்று இரவாவது தங்குகிறவர்களுக்கு 40 தினார் விசாக் கட்டணமும் அதில் தள்ளுபடியாகிவிடும். பயணத்துக்கு முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். ஒரு தினார் என்பது ஏறத்தாழ 1.41 அமெரிக்க டாலர். 1995 முதல் இந்த விகிதம் மாறவில்லை. நம் காசில் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது கொஞ்சம் நெஞ்சு அடைக்கும்.

ஜீப், முகாம், இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு ஆகியவை எங்கள் கட்டணத்தில் அடங்கும். ஒட்டகச் சவாரியும் அன்பளிப்பும் தனி. முகாமில் அட்டை செல்லாது என்றே வைத்துக்கொண்டு சில்லறைத் தினார் நோட்டுகளை அகபாவிலோ பெட்ராவை ஒட்டிய வாடி மூசா ஊரிலோ மாற்றிவையுங்கள். அன்பளிப்பைக் குழுவாகச் சேர்த்து, கிளம்பும்போது ஓட்டுநர், சமையல்காரர் கையில் நேராகக் கொடுப்பது நல்லது. உறையில் போட்டு முகாம் பொறுப்பாளரிடம் கொடுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

கைப்பேசி வேலை செய்யுமா?

கிராமத்தில் செய்யும். உள்ளே பாறை மறைத்தால் போய்விடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரவு நிகழ்ச்சி என்ன? நட்சத்திரம் நன்றாகத் தெரியுமா?

ஒற்றை நரம்பு ரபாபாவை யாராவது எடுத்து வாசித்தால் அதிர்ஷ்டம். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பல முகாம்களில் ஊது என்ற வீணை போன்ற கருவியும் கைதட்டும்தான். நம் குழுக்கள் பதிலுக்குப் பாடாமல் விடுவதில்லை. பாடுங்கள், ஒன்பதரைக்கு நிறுத்திவிடுங்கள்.

நட்சத்திரத்துக்காகவே வருகிறவர்கள் அமாவாசையை ஒட்டித் தேதி பாருங்கள். பௌர்ணமியில் மணலும் பாறையும் பால் ஊற்றியதுபோல இருக்கும், ஆனால் வானத்தில் பாதி மறைந்துவிடும். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் எதுவும் சரியாகக் கிடைக்காது.

நினைவாக மணல் எடுத்து வரலாமா?

கூடாது. கல்லும் கூடாது. நிற மணலைக் குப்பியில் அடுக்கி ஒட்டகப் படம் செய்து விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காயப் புதர்க் குச்சியை ஒடிப்பதும் வேண்டாம். காய்ந்ததாகத் தெரியும் 'ரதம்' என்ற பாலைவனப் புதர் மழைக்குக் காத்திருக்கிறது.

இரவில் கழிப்பறைக்குத் தனியாகப் போக பயமாக இருக்காதா?

இருக்கும், முதல் பத்து அடி வரை. டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள், தோழியை எழுப்பிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஒரு நிமிடம் டார்ச்சை அணைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் கூடாரத்தின் எண்ணைச் சரிபார்த்து நுழையுங்கள். இருட்டில் எல்லாக் கூடாரமும் ஒன்றுபோல இருக்கும். போன மார்ச்சில் ஒருவர் பக்கத்துக் கூடாரத்தில் நுழைந்துவிட்டார், காலையில்தான் தெரிந்தது.